ஒருத்தர் ஆகா என்கிறார், ஒருத்தர் குப்பை என்கிறார்: எதை நம்பிப் புத்தகம் வாங்குவது?

டீச்சர், மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றலாகி வந்திருக்கிறீர்கள். பெற்றோரும் ஆசிரியர்களும் எடுத்துப் படிக்க அங்கே ஓர் அலமாரி வைக்கப் போகிறீர்கள், இருபது இருபத்தைந்து புத்தகத்துக்குத்தான் பணம் இருக்கிறது, கதை, துப்பறிதல், சரித்திரம், இயற்கை, வாழ்க்கை முன்னேற்றம் என்று எல்லா வகையும் வேண்டும். ஆனால் யாரைக் கேட்டாலும், ஒரே புத்தகத்தை ஒருவர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார், அடுத்தவர் ஐம்பது பக்கம் தாண்ட முடியவில்லை என்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருந்தீர்கள்.

திட்டுகிறவர் பேச்சை முதலில் கேளுங்கள். அவர் சொல்வதற்காகப் புத்தகத்தைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. குன்னூர்ப் பக்கம் ஒரு நூலகத்தில் பல வருடம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவன் நான். நன்றாக இருந்தது என்று சொல்பவரிடம் அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்குவது கஷ்டம், புத்தகத்தை வைத்துவிட்டு அடுத்த ராக்கைக்குப் போய்விடுவார். பிடிக்காதவர் மட்டும் நின்று பேசுவார். எதைத் தேடி அந்தப் புத்தகத்தை எடுத்தார், அது எங்கே இல்லாமல் போனது என்பதெல்லாம் அந்தப் பேச்சில் தானாக வந்துவிடும். அவர் தேடியதையே நீங்களும் தேடினால் வாங்க வேண்டாம். வேறு எதையோ தேடினார் என்றால் அவருடைய குறையே உங்களுக்குச் சிபாரிசு ஆகிவிடும்.

நம் ஊர்ப் புத்தகத்தை வைத்தே சொல்கிறேன். ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' 1960களில் வந்த நாவல். நீலகிரி மலையில் வாழும் படுகர்களின் ஒரு ஹட்டியில், அதாவது அவர்கள் ஊரில், நடக்கும் கதை. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியை வைத்துக் காலத்தைக் கணக்குப் போடும் ஊருக்குள் தேயிலை, காசு, அணைத் திட்டம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து எப்படி மாற்றிப் போடுகின்றன என்பதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறது. இதை எடுத்துப் போனவர்கள் திரும்பி வந்து சொன்னதில் இரண்டு பேர் சொன்னது ஒத்துப்போனதே இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்த்த ஒரு வங்கிக்காரர், ஆரம்பத்தில் கதை நகரவே மாட்டேன் என்கிறது, மாடும் பாலும் சடங்குமாகவே போகிறது என்றார். ஹட்டியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டு, எங்கள் பழக்கவழக்கத்தை வெளியாள் எழுதினால் இப்படித்தான் இருக்கும், அங்கங்கே பிசகு என்று பக்கம் பக்கமாகக் காட்டினார். அவர் பேத்தி கோயம்புத்தூரில் கல்லூரி படித்தவள். அவளோ, எங்கள் ஆத்தா சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தை நான் இதில்தான் பார்த்தேன் என்று இரண்டாம் தடவை எடுத்துப் போனாள்.

இந்த மூன்று பேரில் யார் சொன்னது சரி? மூன்றுமே சரிதான், ஏனென்றால் மூவரும் வேறு வேறு கேள்வியோடு போயிருக்கிறார்கள். வங்கிக்காரர் கதை எப்போது சூடு பிடிக்கும் என்று பார்த்தார். பெரியவர் தனக்குத் தெரிந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தார், அது சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிற மாதிரி. பேத்தி தனக்குத் தெரியாததைத் தேடினாள். என்னைக் கேட்டால் பெரியவர் காட்டிய பிசகுகள் இருக்கட்டும், ராஜம் கிருஷ்ணன் எழுதப்போகும் இடத்துக்கே போய், அங்குள்ளவர்களோடு பழகி எழுதுகிறவர் என்று பேர் வாங்கியவர், அந்த உழைப்பு இந்தப் புத்தகத்தில் தெரிகிறது. ஆனால் உங்கள் அலமாரிக்கு இதை வாங்கும்போது, உங்களிடம் எடுத்துப் போகப் போகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பெரியவரைப் போன்றவர்கள் என்பதை மறக்காதீர்கள். சண்டை வரும். வரட்டும், சண்டை வராத புத்தகம் அலமாரியில் தூசிதான் சேர்க்கும்.

அடுத்து யானை. ஜெயமோகனின் 'யானை டாக்டர்', 'அறம்' தொகுப்பில் இருக்கிறது, தனியாகவும் கிடைக்கிறது. டாப்ஸ்லிப்பிலும் முதுமலையிலும் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி என்ற நிஜ மனிதரை வைத்து எழுதியது. சமவெளியில் இருப்பவர்கள் இதைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் கண்ணீர்தான், காட்டையே வேறு மாதிரி பார்க்க வைத்துவிட்டது என்பார்கள். கூடலூர்ப் பக்கம் வாழை போட்டிருக்கும் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். கதை நல்ல கதைதான் சார், ஆனா ராத்திரி பட்டாசைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்தில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பற்றி இதில் ஒரு வரி இல்லையே என்பார். அவர் சொல்வது இலக்கிய விமர்சனமே இல்லை என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு புத்தகம் யாரை விட்டுவிட்டது என்று கேட்பதும் வாசிப்புதான். அதற்காகக் கதையின் மதிப்பு குறைந்துவிடாது. அது விவசாயியின் கதை என்று சொல்லிக்கொண்டு வரவில்லை, ஒரு டாக்டரின் கதை, அதை ஒழுங்காகச் செய்கிறது.

அதே கதையில் சுற்றுலா வந்தவர்கள் குடித்துவிட்டு எறிந்த பீர் பாட்டில் உடைந்து யானையின் காலில் ஏறும் இடம் வரும். சென்னையில் படிப்பவருக்கு அது ஒரு கொடூரமான காட்சி. நமக்கு அது தினசரி. நம் மாவட்டத்து டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டு வந்து கொடுத்தால் அந்தப் பத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு 2022-ல் வந்ததே, உயர்நீதிமன்றம் தலையிட்டு. மசினகுடிப் பக்கத்து வாசகர் ஒருவர் அந்தக் காட்சி வந்ததும் கதையை மூடி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் இதைப் பற்றித்தான் பேசினாராம். கதை அவருக்குப் பிடித்ததா இல்லையா என்று கடைசி வரை சொல்லவே இல்லை!

தேயிலைக்கு வருகிறேன். பி.எச். டேனியல் என்ற மருத்துவர் 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் எழுதி 1969-ல் வெளிவந்த நாவல், 'எரியும் பனிக்காடு' என்று இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் தமிழில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் ஆனைமலைத் தோட்டங்களுக்குக் கூட்டிப் போகப்பட்டவர்களின் கதை, ஆள் பிடித்து வேலை வாங்கும் கங்காணி, முன்பணம், வரிசையாகக் கட்டிய லைன் வீடு, காய்ச்சல், சாவு. இதைப் பற்றி வரும் கருத்துகளில் நிறையப் பேர் சொல்வது, ஒரே சோகம், மூச்சு முட்டுகிறது என்பது. உண்மைதான். நல்ல வாசகர் ஒருவர், எஸ்டேட் நிர்வாகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒருதலைப்பட்சம் என்றார், தோட்டத்தில் எல்லா துரையும் அரக்கன் இல்லை என்றார்.

ஆனால் இந்தியாவும் இலங்கையும் 1964-ல் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள் நம் மாவட்டத்தில் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கு வகுப்பறையிலேயே தெரிந்திருக்கும். அப்படி ஒரு வீட்டில் மகன் இதைச் சத்தமாக வாசிக்க, அம்மா கொழுந்து பறித்த கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு கேட்டிருக்கிறார். முடிந்ததும் அந்த அம்மா சொன்னது, "இதுல சோகம் என்ன இருக்கு, நடந்ததைத்தானே எழுதியிருக்கான்" என்று. ஒருவருக்கு மூச்சு முட்டுகிறது, இன்னொருவருக்கு அது வெறும் பதிவு. வாசகர்கள் போடும் நட்சத்திரங்களைக் கூட்டி வகுத்து ஒரு சராசரி எடுத்தால் இந்த இரண்டு பேருமே காணாமல் போய்விடுவார்கள். அதனால்தான் நான் சராசரியைப் பார்ப்பதே இல்லை. ஐந்தும் ஒன்றுமாகக் குவிந்து கிடக்கும் புத்தகத்தில்தான் ஏதோ இருக்கிறது, எல்லாரும் மூன்று போட்ட புத்தகம் பெரும்பாலும் மூன்றுதான்.

சரித்திர நாவல் என்றால் 'பொன்னியின் செல்வன்' இல்லாமல் அலமாரியை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், வாங்கிவிடுங்கள். இதைப் பற்றிய மனக்குறை இன்று நேற்று வந்ததில்லை. 1950-லிருந்து 1954 வரை கல்கி பத்திரிகையில் வாரா வாரம் வந்த தொடர் இது. முடிந்தபோதே, இப்படியா முடிப்பது, இன்னாருக்கு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்டு எழுத, கல்கியே முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டி வந்தது. இன்றைக்கு ஒரே மூச்சில் ஐந்து பாகத்தையும் படிக்கிறவர், ஒவ்வொரு அத்தியாயமும் ஏன் கதவு தட்டும் சத்தத்தோடோ திடீர்க் கூச்சலோடோ முடிகிறது என்று சலித்துக்கொள்கிறார். அடுத்த வாரம் வரை ஆளைப் பிடித்து வைக்க எழுதியது, அதை ஒரே ராத்திரியில் படித்தால் அலுக்கத்தான் செய்யும். ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் என்று படிக்கச் சொல்லுங்கள், குறை சொன்னவர்களே அடுத்த பாகம் எங்கே என்று கேட்டு வருவார்கள்.

இதில் இன்னொரு கூத்து. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அடிக்கிறார்கள். ஐந்து பாகத்தையும் ஒரே தடித்த புத்தகமாகக் கட்டி, எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில், விரித்தால் முதுகு பிளக்கும் பதிப்புகளும் உண்டு. இணையத்தில் இந்த நாவலுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். பாதி பேருக்குக் கோபம் கல்கி மேலேயே இல்லை, தாள் மேலே, பைண்டிங் மேலே, நனைந்து வந்த பார்சல் மேலே. கருத்து படிக்கும்போது இதைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும். நமக்கு இது ரொம்ப முக்கியமும்கூட, ஆடி மழையில் மட்டமான பைண்டிங்கின் பசைதான் முதலில் பூஞ்சை பிடிக்கும். (அலமாரியை மழை அடிக்கும் பக்கத்துச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், ஒரு கை இடைவெளி விடுங்கள். வெயில் அடிக்கும் நாளில் கதவைத் திறந்து வையுங்கள்.)

ஒரு புத்தகத்தை ஒருவர் எப்போது படித்தார் என்பதும் ஒரு விஷயம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களில் விகடனில் தொடராக வந்தபோது ஜீனோ என்ற இயந்திர நாய்க்காகவே வாரம் முழுக்கக் காத்திருந்தவர்கள் இப்போது தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள். கதை நடக்கும் வருடம் 2021. அந்த வருடம் வந்தும் போய்விட்டது. இப்போது படிக்கும் பையன்கள், அவர் சொன்னதில் இது நடக்கவில்லை, அது நடக்கவில்லை என்று சரிபார்க்கிறார்கள். விஞ்ஞானக் கதையை ஜோசியம் மாதிரி படித்தால் எந்தக் கதையும் தப்பாது. அதில் இன்றைக்கும் செல்லுபடியாகிற விஷயம் ஆட்சியாளரைக் கேள்வி கேட்காமல் கும்பிடும் ஜனம், அதை எந்தப் பையனும் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. உங்கள் அலமாரியில் கட்டாயம் இருக்க வேண்டும், கிழிந்து போகும் அளவுக்குச் சுற்றும்.

பாக்கெட் நாவலையும் குடும்ப நாவலையும் வாங்கலாமா என்று தயங்கியிருந்தீர்கள், யாரோ ஒரு சக ஆசிரியர் முகம் சுளித்தார் என்று. நூலகத்தில் அட்டை கழன்று, ஓரம் மடங்கி, ஊசி நூல் போட்டுத் தைத்துக் கொடுக்க வேண்டி வருவது எப்போதும் இந்த இரண்டு வகைதான். ராஜேஷ்குமாரின் துப்பறியும் நாவல் ஒன்றை ஒருவர் கையில் கொடுத்து மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலில் ஏற்றிவிட்டால், 46 கிலோமீட்டர் ஏறி ஊட்டி சேர்வதற்குள் கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டு ஒரு தூக்கமும் போட்டிருப்பார். பஸ்ஸில் முயற்சி செய்யச் சொல்லாதீர்கள், மலைச் சாலையில் பர்லியார் தாண்டுவதற்குள் வயிற்றைப் பிரட்டும். அந்த நாவல் அதற்குத்தான் எழுதப்பட்டது, அதில் ஆழம் இல்லை என்று குறை சொல்வது வீண் வேலை. ஆனால் முடிச்சு ஏமாற்றி அவிழ்ந்தது, கடைசிப் பக்கத்தில் புதிதாக ஓர் ஆளைக் கொண்டு வந்து அவன்தான் குற்றவாளி என்றார்கள் என்று யாராவது சொன்னால் அந்தக் குறையைக் காது கொடுத்துக் கேளுங்கள், அது அந்த வகைக்குள்ளேயே நின்று சொல்லப்படும் குறை. துப்பறியும் கதை நிறையப் படித்தவர் ஒரு துப்பறியும் கதையைத் திட்டினால் நான் நம்புவேன். கவிதை மட்டும் படிப்பவர் அதைத் திட்டினால் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன்.

குடும்ப நாவல் விஷயத்தில் எனக்கே ஒரு மனக்குறை உண்டு. கதாநாயகன் சிடுசிடுப்பதும் கதாநாயகி கடைசியில் அதையே அன்பு என்று புரிந்துகொள்வதும் திரும்பத் திரும்ப வருவது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு, சமைத்துவிட்டு, ஒன்பது மணிக்கு மேல் அரை மணி நேரம் படிக்கும் அக்காக்கள் இதைத்தான் கேட்கிறார்கள், இதில் பழகி ராஜம் கிருஷ்ணனுக்குப் போனவர்களும் இருக்கிறார்கள், போகாமல் இதிலேயே சந்தோஷமாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே நூலகத்துக்கு ஐந்து விதி எழுதிவைத்தார், அதில் ஒன்று ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது. அந்த வாசகர் நீங்களாக இருக்க வேண்டும் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. சுளித்த முகத்துக்குச் சொந்தக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்.

வாழ்க்கை முன்னேற்ற நூல்கள் இரண்டு போதும். எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன என்று திட்டுகிறவர்கள் பெரும்பாலும் அதில் ஏழெட்டு படித்தவர்கள், முதல் புத்தகம் அவர்களுக்கும் உதவியிருக்கும். கவிதைக்கு யார் கருத்தும் வேண்டாம், கடையில் நின்றபடி நாலு கவிதை படித்துப் பாருங்கள், ஐந்து நிமிஷம்தான் ஆகும். மொழிபெயர்ப்பு என்றால், புத்தகம் பிடிக்கவில்லை என்பவரிடம் யார் மொழிபெயர்த்தது என்று கேளுங்கள். தெரியாது என்றால் அவருக்குப் பிடிக்காதது மூலமா தமிழா என்று அவருக்கே தெரியாது.

படிக்காமலே சொல்லும் கருத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பள்ளியில் அலமாரி வைக்கும்போது உங்களுக்கு இது வரும். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-ல் வந்தது. நாலு வருடம் பேசாமல் இருந்துவிட்டு, 2014 கடைசியில்தான் திடீரென்று எதிர்ப்பு கிளம்பியது, சில பக்கங்கள் மட்டும் கைக்குக் கை போயின. விஷயம் வழக்காகி, சென்னை உயர்நீதிமன்றம் 2016 ஜூலையில் தீர்ப்புச் சொன்னபோது, பிடிக்காத புத்தகத்தை ஒதுக்கிவிடலாம், படிக்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை என்கிற பொருளில் எழுதியது. அந்த நாவலை வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்ல வரவில்லை, பெரியவர்கள் படிக்கும் அலமாரிதான் என்பதால் அது உங்கள் முடிவு. ஆனால் ஒரு புத்தகம் கூடாது என்று யாராவது வந்தால் சண்டை போடாமல் ஒன்று மட்டும் கேளுங்கள்: எந்த இடத்தில், அதற்கு முன்னால் என்ன நடக்கிறது? படித்தவர் சொல்வார், அவரிடம் உட்கார்ந்து பேசலாம். படிக்காதவர் பேச்சை மாற்றுவார்.

நடைமுறைக்கு வருகிறேன். இருபத்தைந்தையும் ஒரே நாளில் வாங்காதீர்கள், முதலில் பத்து. சந்தேகமானதைப் பக்கத்துக் கிளை நூலகத்தில் எடுத்துப் பாருங்கள், 1948 சட்டத்திலிருந்து வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம், பயன்படுத்தினால் என்ன. ஊட்டியில் 1859-ல் தொடங்கிய நீலகிரி நூலகம் பார்க்க அழகான இடம், ஆனால் உறுப்பினர்களுக்கானது, உங்கள் தேவைக்கு அங்கே போக வேண்டாம். எந்தப் புத்தகத்தையும் முதல் பக்கத்தோடு நிறுத்தாமல் நடுவில் ஒரு பக்கமும் படித்துப் பாருங்கள், முதல் பக்கத்தை எல்லாரும் பாடுபட்டு எழுதுவார்கள். அப்புறம் உங்கள் ருசிக்கு நேர் எதிரான ஒரு வாசகரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்படி ஒருவர் இருக்கிறார், அருவங்காட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் போர் என்றால் நான் அன்றைக்கே தேடிப் போவேன், அவர் விறுவிறுப்பு என்றால் வீட்டில் பையனுக்கு எடுத்துப் போவேன். இதுவரை இரண்டிலும் மோசம் போனதில்லை.

அலமாரிக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டையும் நூல் கட்டித் தொங்க விடுங்கள். நட்சத்திரம் எல்லாம் வேண்டாம். எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், ஏன் என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள், முழுக்கப் படித்தவர்கள் யாருக்கு இதைக் கொடுப்பீர்கள் என்று எழுதட்டும். அடுத்த பதினைந்து புத்தகம் என்ன வாங்குவது என்று அந்த நோட்டே சொல்லிவிடும், என்னைக் கேட்க வேண்டி இருக்காது. பெயர் மட்டும் எழுதச் சொல்லாதீர்கள், ஊர் சின்னது, தலைமை ஆசிரியர் சிபாரிசு செய்த புத்தகத்தைப் பத்தாம் பக்கத்தில் மூடி வைத்தேன் என்று பெயர் போட்டு யார் எழுதுவார்கள்?